யந்திரமூர்த்தியின் சிவப்பு விளக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி, ஓர் இயந்திரம் இறந்துபோனதற்காகச் சாப்பிட மறுத்தாள்.

அடையாற்றில் என் மகன் வீட்டுக் கூடத்தில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ரோபோ, வெள்ளத்தில் போன பூனைக்குட்டி ஒன்றைக் கரைசேர்த்துவிட்டுத் தண்ணீர் புகுந்து அணைந்துபோனது. ஏழு வயதுப் பேத்தி சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மருமகள், "அது வெறும் மிஷின்டா, உள்ள மோட்டார்தான் இருக்கு" என்றாள். மகன், "அடுத்த பார்ட்ல திரும்ப வந்துடும்" என்றான். இரண்டும் சரியான தகவல்கள்தான். அழுகிறவர்களுக்குச் சரியான தகவலால் ஒரு பயனும் இருந்ததில்லை.

நான் அரசு அலுவலகத்தில் பொருள் இருப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இயந்திரங்கள் எப்படி முடிவுக்கு வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவை இறப்பதில்லை, கழிவு செய்யப்படும். அதற்கு ஒரு குழு கூட வேண்டும். பழுது பார்க்கும் செலவு பொருளின் மதிப்பைவிட அதிகம் என்று பொறியாளர் சான்று தர வேண்டும். பிறகு ஏலம். நான் கையெழுத்திட்டுக் கழித்த தட்டச்சுப் பொறிகளில் ஒன்றுகூடப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இதையெல்லாம் பேத்தியிடம் எடுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எட்டு வயதில், தி. நகரில் ஒரு சபா அரங்கத்தின் நடுவில் எழுந்து நின்று, ஒரு தகர டின்னுக்காக "அணைச்சுடாதீங்கோ!" என்று கதறியவன் நான். கண்டிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை என்று உணர்ந்து, அந்தக் கதையையே அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் போகும் சந்தில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். எங்களோடு அம்மாவின் தம்பியான மாமா. அம்மாவின் அக்காவான பெரியம்மா.

மாமாவுக்கு லட்சணமான முகம். ஆனால் அதில் எதுவும் நடக்காது. இலாகாத் தேர்வில் தேறிய அன்றும், பர்ஸைப் பஸ்ஸில் பறிகொடுத்த அன்றும் ஒரே முகத்தோடுதான் வீட்டுக்குள் வந்தார். என்ன ஆயிற்று என்று அவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. வாயைத் திறப்பதும் அபூர்வம். இந்த முகத்தால் அவருக்கு இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. பிள்ளைக்கு இஷ்டமா இல்லையா என்றே தெரியவில்லை, பீரோவோடு பேசுவது போலிருக்கிறது என்று ஒரு பெண்வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா மட்டும் விடாமல் வாதாடுவாள். "அவனுக்கு உள்ள எல்லாம் இருக்கு. வெளில வரத்தான் வழியில்லை."

பெரியம்மாவின் கதை வேறு. கல்யாணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்தவள். பிறகு படித்துத் தேறி, டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இணைப்பைக் கொடுப்பது பெரியம்மாவைப் போன்றவர்கள். வீட்டில் எனக்காக அந்தக் குரலில் பேசிக் காட்டுவாள். ஏற்ற இறக்கமே இல்லாத, சலவை செய்து பெட்டி போட்ட குரல். "லைன் கிடைக்கவில்லை. காத்திருக்கவும்." "லைன் கிடைத்துவிட்டது. பேசுங்கள்." "மூன்று நிமிடம் முடிந்தது. நீட்டிக்கலாமா?" நான் சோறு சாப்பிட அடம்பிடிக்கும்போது, "வாய் திறக்கவில்லை. காத்திருக்கவும்" என்று கையில் கவளத்தோடு அசையாமல் நிற்பாள். சிரித்தால் வாய் திறக்கும். கவளம் உள்ளே போய்விடும்.

எங்கள் போர்ஷனுக்கு மாடிப்படி ஒன்றுதான். காலையில் அப்பா முக்கியமான வேலையாகப் புறப்பட்டால், அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பெரியம்மா சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். தன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டாலும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நிற்பாள். யாரும் அவளை அப்படி நிற்கச் சொன்னதில்லை. நிற்காதே என்றும் யாரும் சொன்னதில்லை. எழுதி வைத்த விதியென்றால் திருத்தம் கொண்டுவரலாம், எழுதாத விதியை எங்கே போய்த் திருத்துவது என்பதைப் பிற்பாடு உத்தியோகத்தில்தான் கற்றுக்கொண்டேன். எட்டு வயதில் அதைக் கண்ணாமூச்சி என்று நினைத்திருந்தேன். நானும் அவளோடு ஒளிந்துகொண்டு, "அப்பா போயாச்சு, வா" என்று கிசுகிசுப்பேன்.

மாமாவின் அலுவலகத்தில் ஒரு நாடகக் குழு இருந்தது. அதன் செயலாளர்தான் கதை, வசனம், இயக்கம் எல்லாம். அவர் மாமாவுக்குப் பல வருஷமாக ஏதாவது வேடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாடகத்தில் பிணம். இன்னொன்றில் கோர்ட் டவாலி. அந்த வருஷம் அவர் ஒரு புதுமை செய்தார். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் வீட்டு வேலைக்கு ஓர் இயந்திர மனிதனை வாங்குகிறார். பெயர் யந்திரமூர்த்தி. அது காப்பி கொண்டுவரும், கதவைத் திறக்கும், ஜட்ஜின் மகளுக்குக் குடை பிடிக்கும். கடைசிக் காட்சியில் மகள் கல்யாணமாகிப் புக்ககம் போகிறாள். இனி இது எதற்கு என்று ஜட்ஜ் அதை அணைக்கப் போகும்போது, அதன் மார்பில் ஒரு சிவப்பு விளக்கு முதல்முறையாக எரிகிறது. தகரத்துக்கும் மனசு உண்டு. திரை.

இந்த வேடத்துக்கு யார் என்ற கேள்வியே எழவில்லையாம். குழுவே திரும்பி மாமாவைப் பார்த்ததாம்.

மாமா அதை ஓர் அரசாணை போல ஏற்றுக்கொண்டார். இயந்திரம் எப்படிப் பேச வேண்டும் என்று யோசித்து, ஒரு சாயங்காலம் பெரியம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். நாளெல்லாம் உணர்ச்சியே இல்லாமல் எப்படிப் பேசுகிறாய் என்று கேட்டார். பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யார்டா சொன்னா உணர்ச்சியில்லாமப் பேசறேன்னு? பிள்ளை பொறந்திருக்குன்னு சொல்றவா, அப்பா போயிட்டார்னு சொல்றவா, எல்லாம் எங்காதாலதான் போறது. ரெண்டு பேருக்கும் ஒரே கொரல்தான் குடுக்கணும். அழறதும் சிரிக்கறதும் அவா மூணு நிமிஷத்துல பண்ணிக்கட்டும். நான் லைனைப் பிடிச்சுண்டு இருக்கேன், அவ்வளவுதான்."

மாமா தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து அவர் ஒத்திகை பார்த்த குரல் பெரியம்மாவின் குரல். எனக்கு யந்திரமூர்த்தியைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். என் வாயில் கவளம் போட்ட குரல் ஒரு தகரத்துக்குள்ளிருந்து வந்தால் அந்தத் தகரத்தை எப்படி அந்நியமாக நினைப்பது?

தகரத்தை அடித்துக் கொடுத்தவர் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் இருந்த ஒரு கடைக்காரர். மாமா என்னையும் அழைத்துப் போயிருந்தார். கடைக்காரர் மாமா வரைந்த படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இன்னா சார் இது, பீரோவா, பாய்லரா?"

"மனுஷன்" என்றார் மாமா.

"மன்சனா? அப்ப காத்து போறதுக்கு ஓட்டை வாணாமா? உள்ள நிக்கிறவன் பூட்டான்னா என்னைத் தேடிக்கினு இல்ல வருவாங்க!" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, இதுக்கு வவுறு பசிக்குமா?"

"பசிக்காது. மனசு மட்டும்தான் இருக்கும்" என்றேன் நான், நாடகத்தின் கதையைத் தெரிந்தவன் என்ற கர்வத்தோடு.

"குடுத்து வெச்சது. வவுறு இல்லாம மன்சு மட்டும் இருந்தா எவ்ளோ நல்லாகீது" என்று சொல்லிவிட்டு அவர் தகரத்தை வெட்ட ஆரம்பித்தார்.

மண்ணெண்ணெய் டின்களை விரித்து அடித்த உடம்பு, பிஸ்கட் டின் தலை, கண்ணுக்கு வலை. மார்பில் வட்டமாக ஓர் ஓட்டை. அதில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, பின்னால் டார்ச் பல்பு. விளக்கு வேலையை மாமாவே வீட்டில் செய்தார். வலது கைக்கு எட்டும்படி உள்ளே ஒரு காலிங் பெல் சுவிட்சைப் பொருத்தினார். புது சுவிட்ச், விறைப்பென்றால் விறைப்பு. நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பல்லைக் கடித்து அழுத்தியபோதுதான் மார்பு சிவந்தது. ஏன் இவ்வளவு கெட்டி என்று கேட்டேன். "தெரியாம கை பட்டு எரிஞ்சுடக் கூடாது. கடைசில ஒரு தடவைதான்" என்றார் மாமா. அன்று அவர் பேசிய நீளமான வசனம் அது.

முதல் மேடையேற்றம் அலுவலக ஆண்டு விழாவில். பெரியம்மாவுக்கு அன்று ஷிப்டு. நாங்கள் மட்டும் போய்ப் பார்த்தோம். விளக்கு எரிந்த இடத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அதைவிடப் பெரிய வரவேற்பு நடுவில் வந்த ஒரு நகைச்சுவைக்கு. ஜட்ஜ் வீட்டுச் சமையல்காரி கணவனை இழந்தவள். ஜட்ஜின் மைத்துனி நகைக்கடைக்குப் புறப்படும்போதெல்லாம் அவள் ஏதாவது பாத்திரத்தோடு எதிரே வந்துவிடுவாள். மைத்துனி துள்ளிக் குதித்துத் திரும்பி ஓடி, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்பட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, "நல்ல காரியத்துக்குன்னு காலை எடுத்து வெச்சா, தந்தி மாதிரி வந்து நிக்கறியேடி!" என்பாள். ஹாலே உருண்டது. நானும் உருண்டேன். மூர்த்தி அந்தக் காட்சி முழுவதும் மூலையில் அலமாரி போல நிற்க வேண்டும், நின்றார்.

இரண்டாவது மேடையேற்றம் தி. நகரில், ஒரு சபாவில். அதற்குள் கோபாலபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியை. பஜ்ஜி சொஜ்ஜியோடு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வதற்கு முன்னால் பையனை வெளியில் எங்காவது ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் அப்பா நாடகப் பிரியர். பையன் நடிக்கிறானாமே, அங்கேயே பார்த்துவிடுவோமே என்றார்.

எங்கள் வீட்டில் இடி விழுந்தது. "ஏன்னா, பொண்ணு கொடுக்க வரவா கிட்ட, பிள்ளை டின்னுக்குள்ள இருக்கான்னு சொல்ல முடியுமா?" என்றாள் அம்மா. அப்பா தீர விசாரித்து ஒரு முடிவுக்கு வந்தார். நடிக்கிறான் என்று சொன்னது உண்மை. எந்த வேடம் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் தரும் கடமை நமக்கு இல்லை. நாடகம் முடிந்ததும் மாமா தலைவாரிக்கொண்டு, நாடகத்தில் டாக்டர் வேடம் போட்டவர் பக்கத்தில் நிற்பது; மற்றதை அவர்களே ஊகித்துக்கொள்ளட்டும். நான் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மரியாதையாக இருக்க வேண்டும். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இரண்டாவது சிக்கல் பெரியம்மா. அவளுக்கு அன்று விடுமுறை. தன் குரலில் பேசும் தகரத்தைப் பார்க்க ஆசை. அப்பாவும் அம்மாவும் இதைத் தாழ்ந்த குரலில் நெடுநேரம் விவாதித்தார்கள். நாடகம் சுபகாரியம் அல்ல, யாரும் வரலாம். ஆனால் பெண்வீட்டார் முதன்முதலில் பார்க்க வருவது சுபகாரியத்தின் தொடக்கம். ஒரே அரங்கத்தில், ஒரே நேரத்தில், இரண்டும் நடக்கும்போது எந்த விதி மேலோங்கும்? முன்னுதாரணம் இல்லை. பெரியம்மாவே சிக்கலைத் தீர்த்து வைத்தாள்.

"நான் தனியா பஸ்ல வரேன். கடைசி வரிசைல கதவோரமா உக்காந்துக்கறேன். லைட் போடறதுக்கு முன்னாடி கெளம்பிடறேன். யார் கண்லயும் படமாட்டேன். சரியா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சரி என்றாள். மாமா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் எதுவும் நடக்கவில்லை.

நாடகத்தன்று பெண் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். மாநிறம், பெரிய மூக்குக்கண்ணாடி. உட்கார்ந்ததும் என்னிடம் குனிந்து, "உன் மாமா யாருன்னு கேக்கப்படாதுன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காளா?" என்றாள். பேசக் கூடாது என்பது உத்தரவு என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். "சரி, கேக்கலை" என்று சிரித்துவிட்டு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். ஆனால் யந்திரமூர்த்தி தடதடவென்று மேடைக்கு வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "மூர்த்தி! அது எங்க பெரியம்மா கொரல்!" என்று சொல்லிவிட்டேன். உத்தரவில் பெரியம்மாவைப் பற்றி எந்தத் தடையும் இல்லை.

அந்த நகைச்சுவைக் காட்சி வந்தது. மைத்துனி நகைக்கடைக்குப் புறப்பட்டாள். சமையல்காரி எதிரே வந்தாள். மைத்துனி துள்ளினாள். ஹால் சிரிக்கத் தொடங்கியது. "தந்தி மாதிரி வந்து நிக்கறியேடி!"

மூலையில் மூர்த்தியின் மார்பு சிவப்பாக எரிந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ ப்யூஸைப் பிடுங்கியது போல. விளக்கு அணைந்தது. மைத்துனியாக நடித்தவர் அனுபவசாலி. சிரிப்பு குறைந்தால் திரும்பச் சொல்ல வேண்டும் என்ற நாடக விதிப்படி மறுபடி புறப்பட்டு, மறுபடி துள்ளி, வசனத்தை இன்னும் உரக்கச் சொன்னார். விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் செயலாளர் இரண்டு கைகளையும் விசிறிக்கொண்டிருந்தது எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது. சமையல்காரியாக நடித்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரத்தோடு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நின்றாள். பிறகு பிஸ்கட் டின் தலை க்ரீச்சென்ற சத்தத்தோடு மெல்லத் திரும்பி, ஹாலின் கடைசிக் கோடியைப் பார்த்தது.

"அது யாரைப் பாக்கறது?" என்று பெண் என் காதில் கேட்டாள்.

"எங்க பெரியம்மாவை. கடைசி வரிசைல கதவோரமா இருக்கா."

"ஏன் அங்க உக்காந்திருக்கா?"

"நீங்க பாத்துடப்படாதாம். லைட் போடறதுக்குள்ள போயிடுவா" என்றேன். பிறகு, விளையாட்டின் விதியை அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று, "ஆத்துலயும் அப்படித்தான். அப்பா தெருமுனை திரும்பற வரைக்கும் நாங்க ஒளிஞ்சுப்போம்" என்றேன்.

பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் அழுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் காட்சி. ஜட்ஜின் மகள் மாலையும் கழுத்துமாக மூர்த்தியிடம் விடைபெற்றாள். ஜட்ஜ் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். இப்போதுதான் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. முன்னாலேயே நெடுநேரம் எரிந்து பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது. ஹால் காத்திருந்தது. தகரத்தின் இருட்டுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் மட்டும் வந்தது. "மூன்று நிமிடம் முடிந்தது. நீட்டிக்கலாமா?"

அப்படி ஒரு வசனம் நாடகத்தில் கிடையாது. ஜட்ஜ் கையை நீட்டியபடி திகைத்து நின்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான்தான் எழுந்து நின்று, "அணைச்சுடாதீங்கோ!" என்று அலறியவன். அம்மா என் நிஜாரைப் பிடித்து இழுத்தாள். திரை அவசரமாக இறங்கியது.

அழுகை ஓய்ந்து பார்த்தால் என் இடப்பக்க நாற்காலி காலி. திரும்பிப் பார்த்தேன். பெண் பக்கவாட்டு வழியில் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். கதவோரத்தில் பெரியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தாள். விளக்குகள் எரிந்தபோது பெண் அவள் எதிரில், மிக அருகில் நின்றாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. பெரியம்மா கதவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு திரும்ப உட்கார்ந்தாள். பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் அம்மாவும் தங்கள் இருக்கைகளில் கழுவேற்றப்பட்டவர்கள் போல இருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் செயலாளர் குதித்துக்கொண்டிருந்தார். "ஓய், கடைசில எரியச் சொன்னா கண்ட எடத்துல எரிஞ்சு என் காமெடியைக் கொன்னுட்டீரே! என்னங்காணும் ஆச்சு உமக்கு?"

மாமா தலையைக் கழற்றினார். உள்ளே இருந்ததும் தகரம் போலவே இருந்தது. வியர்வை மட்டும் வழிந்தது. "லூஸ் காண்டாக்ட்" என்றார்.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பா வீட்டுக்கு வந்தார். அப்பா, நாடகத்தில் பையனின் பங்கைப் பற்றி ஒரு சிறு விளக்கம் என்று ஆரம்பித்தார். "தெரியும்" என்றார் அவர். "டாக்டரா நடிச்சவர் நன்னாத்தான் இருந்தார். எம்பொண்ணுக்கு அந்த டின்தான் வேணுமாம்." பிறகு செருமிக்கொண்டு, பெண்ணுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு என்றார். நிச்சயதார்த்தத் தட்டைப் பையனின் மூத்த அக்கா கையால் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

அம்மா வாயைத் திறந்து மூடினாள். அப்பா கூரையைப் பார்த்தார். அங்கே முன்னுதாரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. வந்தவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கக்கூடத் தயாராகிவிட்டார். அப்போது வாசற்படியில் நின்றிருந்த மாமா, "சரி" என்றார். கூடவே சமையலறையிலிருந்து, சலவை செய்து பெட்டி போட்ட அந்தக் குரல் வந்தது.

"லைன் கிடைத்துவிட்டது. பேசுங்கள்."

முதலில் சிரித்தவர் பெண்ணின் அப்பா. பிறகு அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நிச்சயதார்த்தத்தன்று பெரியம்மா ஊதா நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். எதிரே வந்த அப்பா ஒரு கணம் தயங்கி, பிறகு சுவரோரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். உறவில் இரண்டு மூன்று பேர் கல்யாணத்துக்கு வரவில்லை. சாப்பாடு மிஞ்சியது என்பதைத் தவிர வேறு விபரீதம் எதுவும் நிகழவில்லை. அதற்குப் பிறகு காலையில் பெரியம்மா ஷிப்டுக்கு நேரத்தோடு புறப்பட்டாள். எனக்குத்தான் கண்ணாமூச்சி போய்விட்டதே என்று வருத்தம்.

எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. விளக்கு எரிந்தது பற்றி வீட்டில் எல்லோரும் லூஸ் காண்டாக்ட் என்றே பேசினார்கள். மாமா சொன்னதை நான் தீர ஆராய்ந்தேன். அந்த சுவிட்ச் தானாக அழுந்தாது. என் இரண்டு கட்டைவிரல்களே அதற்குச் சாட்சி. மாமா அழுத்தியிருந்தால் அழுத்தினேன் என்று சொல்லியிருப்பார்; மாமா பொய் சொல்பவர் அல்லர். அப்படியானால் எரிய வைத்தது யார்? மூர்த்திதான். தகரத்துக்கு நிஜமாகவே மனசு வந்திருக்கிறது; பெரியவர்கள் மறைக்கிறார்கள். இந்த முடிவோடு நான் வெகுகாலம் இருந்தேன். மூர்த்தியைப் பரணில் ஏற்றிய பிறகும், யாரும் இல்லாத சமயத்தில் கீழே நின்று, "காத்திருக்கவும்" என்று அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு வருவேன்.

பேத்தி இவ்வளவையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். நம்பவில்லை. சாட்சி வேண்டும் என்றாள், என் ரத்தம். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் மாமாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மாமிதான் எடுத்தாள். "இருடா, இதோ குடுக்கறேன். காலைலேர்ந்து என்மேல ஏதோ கோவம்னு நெனைக்கறேன், முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியலை" என்று சிரித்துக்கொண்டே அவரிடம் கொடுத்தாள். பேத்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமாத் தாத்தா, அந்த லைட்டை நீங்கதான் அழுத்தினீங்களா?"

அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்குப் பின்னால் மாமி, என்ன கேட்கிறாள் குழந்தை என்று விசாரிப்பதும் கேட்டது. பெரியம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த சபா இருந்த இடத்தில் இப்போது புடவைக்கடை. உண்மையைச் சொல்வதற்கு இனி எந்தத் தடையும் இல்லை.

"இல்லையேம்மா" என்றார் மாமா, ஏற்ற இறக்கமில்லாத குரலில். "லூஸ் காண்டாக்ட்."

பேத்தி போனைக் கீழே வைத்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியா தாத்தா, அவர் அழுத்தலையாம்! அது தானாவேதான் எரிஞ்சிருக்கு!" என்று சொல்லிவிட்டு, தட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு சாப்பிட ஓடினாள்.